ஜாயின்ட்டில் இறங்கும் மழை

திருச்செங்கோட்டுப் பக்கம் போர்வெல்லில் மோட்டார் இறக்குவதை நின்று பார்த்திருக்கிறீர்களா? ரிக் வண்டி துளை போட்டுவிட்டுப் போன பிறகு நடக்கும் வேலை அது. ஆழம் எழுநூறு, எண்ணூறு அடி. ஆயிரத்தைத் தாண்டுவதும் இப்போது சாதாரணம். மோட்டாரோடு வரும் குட்டை வயரை, மேலே ஸ்டார்ட்டர் வரை போகும் நீளமான கேபிளோடு சேர்த்தாக வேண்டும். மெக்கானிக் மூன்று கம்பியையும் ஒரே இடத்தில் சேர்க்க மாட்டார். ஒன்று மேலே, ஒன்று நடுவில், ஒன்று கீழே என்று தள்ளித் தள்ளிப் போடுவார். ரப்பர் டேப்பை இழுத்து இழுத்துச் சுற்றுவார். அதன்மேல் இன்சுலேஷன் டேப். "உள்ள எறக்கியாச்சுன்னா அஞ்சு வருசத்துக்குத் திரும்பிப் பாக்க வேண்டாமுங்க" என்பார். பெரும்பாலும் அவர் சொன்னபடியே நடக்கும். மூன்று ஃபேஸ் மின்சாரம், இரவும் பகலும் தண்ணீருக்குள். ஜாயின்ட் அசையாது.

இதே சேலம், நாமக்கல் சமவெளியில் ஜாயின்ட் கட்டும் இன்னொரு கூட்டமும் உண்டு. ரொம்பச் சின்னக் கூட்டம். ஹாம் என்று சொல்லப்படும் அமெச்சூர் ரேடியோக்காரர்கள். மத்திய அரசின் தேர்வை எழுதி, லைசென்ஸும் 'வியூ' என்று தொடங்கும் அழைப்புக் குறியும் வாங்கி, வீட்டிலிருந்தபடியே வானொலி அலையில் உலகத்தோடு பேசுகிறவர்கள். நாடு முழுக்க இவர்களைக் கூட்டினாலும் ஒரு டவுன் பஞ்சாயத்தின் ஜனத்தொகைதான் தேறும். செல்போன் டவர் வேண்டாம், இன்டர்நெட் வேண்டாம். ஒரு ரேடியோப் பெட்டி, மொட்டை மாடியில் ஒரு ஆன்டெனா, இரண்டுக்கும் நடுவே கோஆக்சியல் கேபிள், போதும். அந்தக் கேபிள் ஆன்டெனாவைத் தொடுகிற இடத்தில் விரல் நீளத்துக்கு ஒரு ஜாயின்ட் இருக்கிறது. ஏனோதானோவென்று கட்டினால் இரண்டே மழைக்காலம். "தண்ணி எறங்கிருச்சுங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி மாடி ஏற வேண்டியதுதான்.

தண்ணீருக்குள்ளேயே கிடக்கிற ஜாயின்ட் தாங்குகிறது. வருடத்தில் சில வாரம் மட்டும் நனைகிற ஜாயின்ட் தாங்கவில்லை. ஏன்? விடை தேடிப் போனால் ரேடியோவே பிறக்காத காலத்துக்குப் போய்ச் சேர்கிறோம்.

1839-இல் கல்கத்தாவில் வில்லியம் ஓஷானசி என்ற ஐரிஷ் டாக்டர் ஹூக்ளி ஆற்றுக்குக் குறுக்கே ஒரு தந்திக் கம்பியைப் போட்டார். மருத்துவக் கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர். தண்ணீருக்குள் கம்பியைக் காப்பாற்ற ஆயத்த சரக்கு எதுவும் அப்போது உலகத்தில் எங்குமே கிடையாது. கையில் கிடைத்ததை எடுத்தார். கம்பிக்குக் கீல் பூசினார். பிளந்த பிரம்புக்குள் வைத்து மூடினார். மேலே தார் தோய்த்த நூலைச் சுற்றினார். மீனவர் படகிலும் வலையிலும் இருந்த அறிவை அப்படியே தந்திக்குக் கொண்டுவந்துவிட்டார் என்று எனக்குத் தோன்றும்.

பன்னிரண்டு வருடம் கழித்து, 1851-இல், கல்கத்தாவிலிருந்து டயமண்ட் ஹார்பர் வரை தந்திப் பாதை போடும் வேலை அவரிடமே வந்தது. மண்ணுக்குள் போன பகுதியில் அவர் செய்ததைக் கேளுங்கள்: இரும்புக் கம்பி, அதன்மேல் உருக்கிய கீலில் தோய்த்த மெட்ராஸ் துணி இரண்டு சுற்று, அதைக் கூரை ஓட்டு வரிசைக்குள் படுக்க வைத்து, மணலையும் குங்கிலியப் பிசினையும் உருக்கி ஊற்றி நிரப்பினார். இந்தியாவின் முதல் தந்திப் பாதையை மழையிலிருந்து காத்ததில் நம் பக்கத்துப் பெயர் கொண்ட துணிக்கும் பங்கு உண்டு. தந்தி வரலாற்றை எழுதுகிறவர்கள் டல்ஹவுசி, 1857 என்று பாய்ந்து போய்விடுவார்கள். இந்தத் துணியை யாரும் நிறுத்திப் பார்ப்பதில்லை.

அதற்குள் லண்டனில் வேறொரு சரக்கு வந்திருந்தது: கட்டாபர்ச்சா. மலாய்க் காட்டு மரம் ஒன்றின் பால். வெந்நீரில் போட்டால் மாவு போல இளகும், ஆறினால் இறுகும். சிங்கப்பூரிலிருந்த மோன்ட்கோமரி என்ற டாக்டர் 1840-களில் இதை லண்டனுக்கு அனுப்பிவைத்தார். அடுத்த சில வருடங்களில் கடலடித் தந்தி என்ற தொழிலே இதன்மேல் எழுந்து நின்றது. 1871-இல் சென்னையையும் பினாங்கையும் சிங்கப்பூரையும் இணைத்த கேபிளுக்கும் சட்டை இதுதான். மரத்தைக் கீறிப் பால் எடுப்பது போதவில்லை, வெட்டிச் சாய்த்தே எடுத்தார்கள். மலாயா, சுமத்ரா, போர்னியோ காடுகளில் அந்த மரம் மறையும் அளவுக்கு வெட்டினார்கள். (பின்னாளில் நம் ஆட்கள் கூட்டங்கூட்டமாக மலாயாவுக்குப் போனது வேறு மரத்துக்கு, ரப்பருக்கு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

நம் கேள்விக்கு முதல் துப்பு கட்டாபர்ச்சாவில்தான் கிடைக்கிறது. கடலடியில் அது பல பத்து வருடம் கிடந்தது. அங்கே இருட்டு, குளிர்ச்சி, மாறாத அழுத்தம். அதே சரக்கைத் தரைக்குக் கொண்டுவந்து வெயிலில் காட்டினால் காற்று பட்டு வறண்டு, பொரிந்து, உதிர்ந்தது. கடலுக்குள் சாகாத பொருள் கரையேறினதும் செத்தது. தண்ணீர் தனியாக வந்து ஜாயின்ட்டைக் கொல்வதில்லை. வெயில் முதலில் வந்து கதவைத் திறந்துவிடுகிறது, மழை பின்னாலேயே உள்ளே வருகிறது. போர்வெல் ஜாயின்ட்டுக்கு வெயில் என்றால் என்னவென்றே தெரியாது. ராசிபுரத்து மொட்டை மாடி ஜாயின்ட்டுக்கு வெயில்தான் வாழ்க்கை.

அந்த வாழ்க்கை எப்படிப்பட்டது என்று கொஞ்சம் பார்க்கலாம். சேர்வராயன், கொல்லி, கஞ்சமலை என்று சுற்றிலும் மலை. நடுவே தட்டையான தரை. ஏப்ரல், மே மாதங்களில் வெப்பம் 40 டிகிரியைத் தொடும். கறுப்பு டேப் சுற்றிய உலோகம் அதைவிட எவ்வளவோ சுடும், கை வைக்க முடியாது. 60 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜாயின்ட்டுக்குள் மாட்டிக்கொண்ட காற்று விரிந்து, கிடைத்த இடுக்கு வழியே கொஞ்சம் வெளியேறும். சாயங்காலம் நாலு மணிக்குப் புழுதிக் காற்று அடிக்கும், இடி இடிக்கும், கோடை மழை கொட்டும். பத்து நிமிடத்தில் உலோகம் 25 டிகிரிக்கு இறங்கிவிடும். உள்ளே மிச்சமிருக்கும் காற்று ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு சுருங்கும். சுருங்கியதை ஈடுகட்ட வெளியிலிருந்து ஏதாவது உள்ளே வந்தாக வேண்டும். அந்த நேரம் இடுக்கின் வாயில் நிற்பது காற்றில்லை, தண்ணீர். ஸ்ட்ராவில் இளநீர் உறிஞ்சுவது மாதிரி ஜாயின்ட் மழையை உறிஞ்சிக்கொள்ளும். ஒவ்வொரு கோடை மழைக்கும் ஒரு மிடறு. மேலே தண்ணீர் விழுந்து ஒழுகுவது வேறு, இப்படி இழுத்துக் குடிப்பது வேறு. பாதிப் பேர் கட்டும் கட்டு முதலாவதை மட்டும் மனதில் வைத்துக் கட்டியது.

உள்ளே போன தண்ணீர் என்ன செய்யும்? கேபிள் டிவி வயரை வெட்டிப் பார்த்தவர்களுக்கு அமைப்பு தெரியும்: நடுவில் கம்பி, சுற்றி வெள்ளை பிளாஸ்டிக், அதன்மேல் பின்னிய வலை, வெளியே உறை. இந்த வடிவத்துக்கு இங்கிலாந்தில் ஆலிவர் ஹெவிசைடு காப்புரிமை வாங்கியது 1880-இல். அகன்ற அலைவரிசையைச் சுமக்கும் கேபிளாக அதை ஆக்கியவர்கள் ஏடி அண்டு டி கம்பெனியின் எஸ்பென்ஷீடும் அஃபெலும்; அவர்களுக்குக் காப்புரிமை கிடைத்தது 1931-இல். மின் அலை உண்மையில் ஓடுவது கம்பிக்கும் வலைக்கும் நடுவே, அந்த வெள்ளைப் பொருளுக்குள். மின்காப்புப் பொருள்களுக்கு ஒரு எண் உண்டு. காற்றுக்கு 1, பாலித்தீனுக்கு 2.3 வாக்கில். தண்ணீருக்கு 80. நடுவில் நாலு சொட்டு இறங்கினாலும் அலைக்குப் பாதையில் சுவர் எழும்பின மாதிரி. ஒரு பங்கு முட்டித் திரும்பும். அதைவிட மோசம், பின்னிய செம்பு வலை விளக்குத் திரி போல வேலை செய்யும். தண்ணீர் அதில் ஊறி ஊறி மீட்டர் கணக்கில் கீழே இறங்கும். செம்பு முதலில் கறுக்கும், பிறகு களிம்பு ஏறிப் பச்சையாகும். ஜாயின்ட்டை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாகப் போட்டால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் கேபிளை ஒரு ஜாண் வெட்டுவார்கள். கறுப்பு தெரியும். இன்னொரு முழம் வெட்டுவார்கள். அங்கேயும் கறுப்பு.

பாலித்தீன் கதையையும் விட மனசில்லை. 1933 மார்ச்சில் இங்கிலாந்தின் ஐசிஐ ஆய்வகத்தில் ஃபாசெட், கிப்சன் என்ற இருவர் எதையோ தேடிப் போய் எதேச்சையாகக் கண்டது இந்த வெள்ளை மெழுகு. பெரிய அளவில் உற்பத்தி தொடங்கியது 1939 செப்டம்பர் 1, ஹிட்லர் போலந்துக்குள் நுழைந்த அதே நாள். விமானங்களில் ராடார் வைக்க முடிந்ததில் இந்தக் காப்புக்குப் பெரிய பங்கு உண்டு. கட்டாபர்ச்சாவை அது ஓரங்கட்டியது. ஆனால் பழைய வியாதி புதிய பொருளுக்கும் இருந்தது: வெறும் பாலித்தீனும் வெயிலில் வெடிக்கும். மருந்தாகக் கண்டது கரித்தூள். நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தால் புற ஊதாக் கதிரைத் தானே விழுங்கிக்கொண்டு பிளாஸ்டிக்கைக் காப்பாற்றும். வெளியில் போடும் கேபிள் கறுப்பாக இருப்பது அழகுக்காக இல்லை. வீட்டுக்குள் போடுகிற வெள்ளை வயரை மாடியில் இழுத்துவிட்டு, மஞ்சளாகி வெடித்த பிறகு "கம்பெனி சரியில்லை" என்று திட்டுவது நியாயமும் இல்லை.

அதே 1930-களில்தான் ஜாயின்ட்டும் வந்தது. பிஎல்-259 என்று ஹாம்கள் சொல்லும் திருகு மூடி, அமெரிக்காவின் ஆம்ஃபினால் கம்பெனியில் வேலை பார்த்த குவாக்கென்புஷ் வடிவமைத்தது. மழையை மனதில் வைத்துச் செய்ததில்லை. உள்ளே ரப்பர் வளையம் கிடையாது. மழைக்கும் தாங்கும்படி வளையம் வைத்துச் செய்தது அடுத்த பத்தாண்டில், பெல் ஆய்வகத்தின் பால் நீல். அவர் பெயரின் முதலெழுத்தால்தான் அதற்கு 'என்' கனெக்டர் என்று பெயர். தொண்ணூறு வருடமாகியும் சென்னை ரிச்சி தெருவில் போய்க் கேட்டால் முதலில் கையில் தருவது பிஎல்-259 தான். மலிவு, சால்டர் வைப்பது சுலபம், எல்லா ரேடியோவிலும் அதற்கான துளை உண்டு. பழக்கம் அறிவை ஜெயித்த இடம்.

இதெல்லாம் பொழுதுபோக்குக்காரர்கள் பாடு, போனால் போகிறது என்று விட்டுவிடலாமா? விட முடியாது. 1924-இல் சென்னையில் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முதலானோர் மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப்பைத் தொடங்கி, ஜூலை 31 அன்று ஒலிபரப்பு ஆரம்பித்த காலத்தில் ரேடியோ என்பதே ஆர்வலர்களின் விளையாட்டாகத்தான் இருந்தது. மூன்று வருடத்தில் காசில்லாமல் கிளப் மூடியது. பிறகு மாநகராட்சி எடுத்து நடத்தியது, அதற்கப்புறம் ஆல் இந்தியா ரேடியோ வந்தது. பொதுமக்களுக்கு ஒலிபரப்புவதை அரசே எடுத்துக்கொண்ட பிறகும், 1939-இல் போர் வந்ததும் லைசென்ஸ்களை ரத்து செய்த பிறகும், ஹாம் என்ற இனம் பிழைத்து நிற்கக் காரணம் ஒன்று உண்டு. எல்லாக் கம்பியும் அறுந்த அன்றைக்கு இவர்கள் பேசுவார்கள். 1999 ஒடிசா சூறாவளியில் பேசினார்கள். 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற ஹாம் ஒரு குழுவோடு அந்தமானுக்குப் போயிருந்தார். அந்தத் தீவிலிருந்து ஹாம் அலை கிளம்பிப் பதினேழு வருடம் ஆகியிருந்தது. உலகெங்கும் உள்ள ஆர்வலர்கள் அவரோடு ஒரு வார்த்தை பேசிக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வரிசையில் நின்றார்கள். டிசம்பர் 26 காலையில் பூமி ஆடியது, கடல் வந்தது, போன்கள் செத்தன. விளையாட்டுக்காக ஓட்டலில் கட்டியிருந்த அதே நிலையம் தீவுக்கும் நிலத்துக்கும் நடுவே செய்தி சுமந்தது. உயிரோடிருக்கிறார்களா என்ற கேள்விகள் அந்த ஒற்றைக் கேபிள் வழியாகப் போயின.

இப்போது சங்கடத்தைப் பாருங்கள். சுனாமி வெயிலடிக்கும் காலையில் வந்தது. ஒடிசா அப்படி இல்லை. சூறாவளி என்றால் மழை. ஹாம் ரேடியோ வேண்டியிருக்கும் நாளும், அதன் ஜாயின்ட் கெட்டுப்போகும் நாளும் பெரும்பாலும் ஒரே நாள். வருடம் முழுக்க நன்றாகப் பேசிவிட்டு அந்த ஒரு ராத்திரி மட்டும் ஊமையானால், லைசென்ஸ் எதற்கு?

ஊமையாகப் போவதையாவது முன்கூட்டியே தெரிந்துகொள்ளலாம் என்றால், கேபிள் பொய் சொல்லும். இந்த விஷயத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இதுதான். ஹாம்கள் ரேடியோவுக்குப் பக்கத்தில் எஸ்டபிள்யூஆர் மீட்டர் என்று ஒன்று வைத்திருப்பார்கள். அனுப்பிய சக்தியில் எவ்வளவு முட்டித் திரும்பி வருகிறது என்று காட்டும். 1-க்குப் பக்கத்தில் முள் நின்றால் நிம்மதி. 3-ஐத் தாண்டினால் கவலை. ஜாயின்ட்டில் மட்டும் தண்ணீர் இறங்கிய புதிதில் முள் தாவும், ஆள் சுதாரித்துக்கொள்வார். வருடக்கணக்கில் மெதுவாக ஊறிப்போன கேபிள் வேறு மாதிரி. அது சக்தியைத் தானே சூடாக்கித் தின்றுவிடும். போகும்போது பாதியைத் தின்றுவிட்டு, திரும்பி வருவதிலும் பாதியைத் தின்றால், மீட்டருக்கு வந்து சேர்வது கால் பங்கு. அந்தக் கேபிளின் முனையில் ஆன்டெனாவே இல்லாமல் கழற்றி வைத்தாலும் மீட்டர் 3 என்றுதான் காட்டும். பத்தில் ஒன்பது பங்கைத் தின்னும் கேபிளாக இருந்தால் 1.2 என்று காட்டும். அதாவது நிலைமை மோசமாக ஆக முள் நல்ல பக்கம் நகரும். "நம்ம ஆன்டெனா வருசாவருசம் செட்டாகிட்டே வருதுங்க" என்று ஒருவர் பெருமையாகச் சொன்னால், அவர் வீட்டு மாடிக்கு உடனே ஏற வேண்டும்.

பெரிய நிறுவனங்கள் இந்தச் சண்டையை வேறு விதமாகத் தீர்த்துவிட்டன. தொலைபேசி டிரங்க் கேபிள்களிலும் ஒலிபரப்புக் கோபுரங்களின் தடிமனான குழாய்க் கேபிள்களிலும் உலர்ந்த காற்றையோ நைட்ரஜனையோ அழுத்தத்தில் நிரப்பி வைப்பார்கள். எங்காவது ஓட்டை விழுந்தால் காற்று வெளியே போகுமே தவிர, தண்ணீர் உள்ளே வராது. அருமையான யோசனை. ஆனால் மாடியில் ஒற்றை ஆன்டெனா வைத்தவர் கம்ப்ரஸர் ஓட்டிக்கொண்டிருக்க முடியாது.

1990-களில் இந்தச் சமவெளிக்குக் கேபிள் டிவி வந்தபோது, ஒரு தலைமுறைப் பையன்கள் மின்கம்பத்திலும் தென்னை மரத்திலும் ஏறி ஆயிரக்கணக்கில் ஜாயின்ட் போட்டார்கள். ஹாம்களை யாருக்கும் தெரியாது. இவர்களைத் தெருவுக்கே தெரியும். ஆம்ப்ளிஃபயர் பெட்டிக்குப் பாலித்தீன் பை, ஜாயின்ட்டுக்கு அடி வெட்டிய தண்ணீர் பாட்டிலைக் குல்லாவாகக் கவிழ்ப்பது என்று கைவைத்தியம் கண்டுபிடித்தார்கள். சிரிக்க வேண்டாம். குல்லா மழையைத் தடுக்கும், கீழே திறந்திருப்பதால் காற்றும் போய்வரும், உள்ளே வியர்க்காது. முழுக்க அடைத்துவிடுவதா, அடியில் ஒரு வடிகால் துளை விட்டுவிடுவதா என்று ஹாம்களுக்குள் தீராத வழக்கு ஒன்று உண்டு. என் ஓட்டு: கனெக்டரை முழுக்க அடைக்க வேண்டும், ஆன்டெனா நடுவில் இருக்கும் பெட்டிக்கு அடியில் துளை வேண்டும். பெட்டியை யாராலும் மூச்சுவிடாமல் அடைக்க முடியாது. அரைகுறையாக அடைத்த பெட்டி தொட்டியாகிவிடும்.

நாமக்கல் லாரித் தொழிலிடமும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளலாம். 1937-இல் அமெரிக்காவில் ஸ்டாண்டர்டு ஆயில் கம்பெனியின் ஆய்வாளர்கள் ஸ்பார்க்ஸும் தாமஸும் பியூட்டைல் ரப்பரைக் கண்டுபிடித்தார்கள். காற்றை ஒழுகவிடாத குணம் அதற்கு. அதனால் அது போய்ச் சேர்ந்த முதல் பெரிய இடம் டயருக்குள்ளே இருக்கும் டியூப். பழைய லாரி டியூபைப் பட்டையாக அறுத்து, மருந்தடிக்கும் ஸ்பிரேயர் குழாய் முதல் சைக்கிள் கேரியர் வரை கட்டாத இடம் நம் ஊரில் இல்லை. ஆன்டெனா ஜாயின்ட்டுக்கும் கட்டிவிடலாமே என்று தோன்றும். அங்கே ஒரு சிக்கல். டியூப் ரப்பர் ஏற்கனவே வேக வைத்து முடித்தது, சுற்றுக்குச் சுற்று தனித்தனியாகத்தான் நிற்கும். இடுக்கில் தண்ணீர் போய் உட்கார்ந்தால் வெளியேயும் வராது. கடையில் 'செல்ஃப் அமால்கமேட்டிங்' டேப் என்று விற்பதும் இதே மாதிரி ரப்பர்களில் செய்ததுதான், ஆனால் வேகாத நிலையில் இருப்பது. இரண்டு மடங்கு நீளத்துக்கு இழுத்துச் சுற்றினால் ஒரு நாளைக்குள் சுற்றெல்லாம் ஒன்றோடொன்று கலந்து ஒரே கட்டியாகிவிடும். பசை கிடையாது, தன்மேல் தானே ஒட்டுவது. மோட்டார் மெக்கானிக் ஏன் அப்படி இழுத்து இழுத்துச் சுற்றினார் என்பது இப்போது புரிந்திருக்கும்.

ஆனால் அவர் முறையை அப்படியே மாடிக்கு எடுத்துப் போனால் போதாது. முதல் சுற்று, கனெக்டரை ஒட்டி, சாதாரண இன்சுலேஷன் டேப். பின்னால் கழற்றும்போது உலோகத்தில் பிசுபிசுப்பு இருக்காது. அடுத்து ரப்பர் டேப், பாதிக்குப் பாதி மேலேறும்படி. அதன்மேல் மறுபடி இன்சுலேஷன் டேப், வெயிலுக்காக. கடைசிச் சுற்றை இழுக்கக் கூடாது, கையால் பிய்க்கவும் கூடாது. கத்தியால் நறுக்கினால்தான் முனை தூக்காமல் நிற்கும். சுற்றும் திசை முக்கியம். கூரை வேய்கிறவர் கீழ் விளிம்பில் ஆரம்பித்து மேலே போவார், மேல் ஓடு கீழ் ஓட்டை மூடும், தண்ணீர் வழுக்கிக்கொண்டு போய்விடும். டேப்பும் கீழிருந்து மேலே. மேலிருந்து கீழே சுற்றினால் ஒவ்வொரு மடிப்பும் மழைக்கு ஏந்திய கை. டேப் சுற்றச் சோம்பல்பட்டு சிலிகான் பிதுக்குகிறவர்கள் அதை மோந்து பார்க்க வேண்டும். வினிகர் வாடை வந்தால் அது காயும்போது அமிலம் விடும் வகை, செம்பைத் தின்னும். கேபிள் வீட்டுக்குள் நுழையும் ஜன்னலுக்கு முன்னால் ஒரு தொங்கல் வளைவு விட்டால் வழிந்து வரும் தண்ணீர் அந்த அடிவளைவிலேயே சொட்டிவிடும். காசு செலவில்லாத வேலை, ஆனாலும் முக்கால்வாசி வீட்டில் இருக்காது.

இன்னொன்று, நாள் பார்க்க வேண்டும். பலரும் ஐப்பசி மழை பொழியத் தொடங்கியதும் ஞாபகம் வந்து, தூறலுக்கு நடுவே மாடியேறிக் கட்டுவார்கள். அப்போது கட்டுவது மழையை வெளியே நிறுத்துவதற்கில்லை, உள்ளே இருக்கிற ஈரத்தைப் பத்திரமாக வைத்துக் கட்டுவது. இந்தச் சமவெளியில் காற்று உலர்ந்திருப்பது தை, மாசியில். பனி முழுக்க விலகி, வெயில் ஏறி, கனெக்டர் தொட்டுப் பார்க்க வெதுவெதுப்பாகும் நேரம் பத்து மணி வாக்கில் வரும். பழைய டேப்பைக் கத்தியால் நீளவாக்கில் கீறி உரித்து, உள்ளே செம்பு என்ன நிறத்தில் இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். பளபளவென்று இருந்தால் துடைத்துவிட்டு அப்படியே புது டேப் சுற்றலாம். கறுத்திருந்தால் கேபிளை நறுக்க ஆரம்பிக்க வேண்டும், கறுப்பு முடிகிற இடம் வரைக்கும்.